கம்பைல் ஆன வயசு

அண்ணி: கத்தாம, கொஞ்சவா சொல்றே? ஒரு நாளாவது உன் அக்கா பேரு இந்தத் திரையில வந்திருக்கா?

தம்பி: மெதுவா அண்ணி… முதலாளி ரூம் கதவு திறந்திருக்கு.

அண்ணி: திறந்திருக்கட்டும். ஊர்ல இருக்கிற பொண்ணுக்கெல்லாம் மாப்பிள்ளை தேடிக் கொடுக்கிற ஆபீசு. நான் போன்ல பேசறேன், நீ கம்ப்யூட்டர்ல பொருத்தம் பார்க்கறே. நம்ம வீட்டுப் பொண்ணு மட்டும் முப்பத்தஞ்சு வயசுல படுக்கையில கிடக்கிற உங்கப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கா.

தம்பி: நான் என்ன வேணும்னா…

அண்ணி: வரம்பை மாத்திட்டேன்னு சொன்னியே! முப்பத்திரண்டுக்கு மேல பொண்ணு காட்டாதுன்னு இருந்ததை முப்பத்தாறாக்க, முதலாளி கையில கால்ல விழுந்து—

தம்பி: மாத்தினேன்! நம்பலையா? இதோ, வயசு வரம்பு என்னன்னு தட்டறேன்… என்ன சொல்லுது?

அண்ணி: முப்பத்தாறு.

தம்பி: அவ்வளவுதான்.

அண்ணி: எவ்வளவுதான்? இப்ப தேடு. என் கண்ணு முன்னாடி தேடு.

தம்பி: தேடறேன்… வந்துடுச்சு.

அண்ணி: அவ பேரு எங்கே?

தம்பி: …இல்லை.

அண்ணி: வரம்பு முப்பத்தாறு, அவளுக்கு முப்பத்தஞ்சு, பேரு மட்டும் இல்லை. உன் கணக்கு உனக்கே நல்லா இருக்கா?

தம்பி: இருங்க… இருங்க அண்ணி. இது கம்பைல் பண்ணின துண்டு.

அண்ணி: என்ன துண்டு? தோள்ல போடறதா, இடுப்புல கட்டறதா?

தம்பி: தேடற நிரல் துண்டு. இந்த ஷெல் இருக்கே, நாம ஒரு வரி கேட்டா அது ஒரு பதில் சொல்லும். ஆனா ஒவ்வொரு வரியையும் எழுத்துக் கூட்டிப் படிச்சுத்தான் செய்யும். ஒரு தேடல் முடியறதுக்குள்ள நீங்க போன்ல ஒரு குடும்பத்தோட பரம்பரையையே விசாரிச்சு முடிச்சிடுவீங்க.

அண்ணி: நான் விசாரிக்கிறது வேலைக்காக.

தம்பி: காத்திருக்காங்க, சீக்கிரம் சீக்கிரம்னு கழுத்தைப் பிடிச்சது யாரு? அதுக்குத்தான் கம்பைல் பண்ணினேன். மொத்தத்தையும் ஒரே தடவையில மெஷினுக்குப் புரியற மாதிரி வார்த்துடும். அப்புறம் பறக்கும்.

அண்ணி: பறக்குதுதான். அதுக்கும் உன் அக்காவுக்கும்…

தம்பி: வார்க்கும்போது வரம்பு முப்பத்திரண்டு.

அண்ணி: ம்?

தம்பி: அந்த நம்பரையும் உள்ள சேர்த்து வார்த்துடுச்சு. நான் அப்புறமா வெளியில மாத்தினது அதுக்குத் தெரியவே தெரியாது. போட்டோ எடுத்தப்புறம் முகம் கழுவின கதை.

அண்ணி: அப்போ இத்தனை மாசமா…

தம்பி: அக்கா தேடல்லயே இல்லை. அக்கா மட்டுமில்லை… முப்பத்திரண்டு தாண்டின ஒருத்தியும் இல்லை.

அண்ணி: அடப்பாவி. சாயங்காலம் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள வந்து நிப்பாளே. 'இன்னிக்கு ஏதாவது…'ம்பா. பாதியிலயே நிறுத்திக்குவா. இப்பல்லாம் அந்தப் பாதிகூடக் கேக்கறதில்லை. முகத்தை மட்டும் பார்ப்பா.

தம்பி: கம்பைல் பண்ணாத பழைய துண்டு அப்படியே இருக்கு. அது புது வரம்பைப் படிக்கும், அதை ஓட்டறேன். நேரம் ஆகும்.

அண்ணி: ஆகட்டும்.

தம்பி: ஓடுது… இன்னும் ஓடுது.

அண்ணி: ஆமை தேவலாம்டா.

தம்பி: வருது… வந்துடுச்சு அண்ணி! அக்கா பேரு! ஏழு பொருத்தம்!

அண்ணி: ஏழா? தள்ளு, பார்ப்போம். இவர் யாரு?

தம்பி: மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கார். சம்சாரம் தவறிட்டாங்க. குழந்தை இல்லை.

அண்ணி: சிரிக்கத் தெரிஞ்ச முகம். உன் அண்ணனைக் கட்டிக்கிட்டு நான் தேடாத இடமில்லை, அது மட்டும் கிடைக்கலை.

தம்பி: அக்காவுக்குப் பிடிக்கும். இன்னொரு தடவை கம்பைல் பண்ணினா போதும் அண்ணி. பண்ணட்டுமா?

அண்ணி: இரு. ஏழு பேரும் வெளியூரா?

தம்பி: ரெண்டு பேர் உள்ளூர். ஏன்?

அண்ணி: ஒண்ணுமில்லை… படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷனைத் திருப்பிப் போடணுமே. அவ ஒருத்திதான் செய்யறா. உன் அண்ணன் அந்த ரூம் பக்கம் எட்டிப் பார்த்து… வேணாம், வாயைக் கிளறாதே.

தம்பி: ஆள் வைக்கலாம்.

அண்ணி: வெச்சோமே. மாமா கடிச்ச கடியில வந்தவ செருப்பைக்கூட விட்டுட்டு ஓடினா.

தம்பி: என்னைக் கண்டாலும் கத்தறார். அக்கா தொட்டாத்தான் சும்மா இருக்கார்.

அண்ணி: அதைத்தான் நானும் சொல்றேன். பண்ணாதேன்னு சொல்லலை. அப்படிச் சொன்னா என் நாக்கு அழுகிடும். இன்னிக்கேதான் பண்ணணுமான்னு கேட்டேன்.

தம்பி: இவ்வளவு நேரம் கத்தினது நீங்கதானே?

அண்ணி: கத்தினது அவளுக்காக. சரி, நீ பண்ணு. உன் கைதான் கீபோர்டுல இருக்கு. யாரு பிடிச்சுக்கிட்டா?

தம்பி: …போன் அடிக்குது அண்ணி.

அண்ணி: அடிக்குதில்லை? வேகமா ஓடற துண்டையே ஓட்டு. காத்திருக்காங்க.

தம்பி: மத்த பொண்ணுங்க?

அண்ணி: ஊர்ல வேற ஆபீசே இல்லையா?

* * *

அண்ணி: சேதி தெரியுமா? நாலு மாசம் முன்னாடி திரையில பார்த்தோமே, அந்தக் கண்ணாடிக் கடைக்காரருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம். வேற ஆபீஸ் பார்த்துக் கொடுத்த இடம். பொண்ணுக்கு முப்பத்தெட்டு!

தம்பி: இப்ப எதுக்கு அதை… மெதுவா. அக்கா பெட்டியை மூடிட்டு வர்றா.

அண்ணி: தடுத்துப் பாரேன். நீ சொன்னா கேப்பா.

தம்பி: என்ன சொல்லித் தடுக்கச் சொல்றீங்க? இன்னும் அந்த முப்பத்திரண்டுதான் ஓடுதுன்னா?

அண்ணி: இனிமே மாமாவை யாரு…

தம்பி: நீங்களும் நானும்தான்.

அக்கா: ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு? வண்டி வந்துடுச்சு.

அண்ணி: ஏம்மா, கண்காணாத ஊர்ல ஹாஸ்டல் வார்டன் வேலை உனக்குத் தேவையா? இங்க என்ன குறை வெச்சோம்?

அக்கா: குறையெல்லாம் இல்லை அண்ணி. நாலு பேர் வந்து பார்த்துட்டு வேணாம்னு போயிருந்தாக்கூட இங்கேயே இருந்திருப்பேன். அப்பா இருக்காரே. ஆனா ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலை. தினம் சாயங்காலம் உங்க முகத்தைப் பார்த்து அதைப் படிச்சுக்க இனிமே என்னால முடியாது. அப்பாவுக்கு இடது தோள்ல வலி, அங்க பிடிக்காதீங்க. திருப்பும்போது பேசிக்கிட்டே இருக்கணும், அப்பதான் பயப்பட மாட்டார். என்ன வேணா பேசலாம். நான் வாய்ப்பாடு சொல்வேன்.

தம்பி: அக்கா…

அக்கா: அழாதேடா. உன் மேல என்ன தப்பு? எனக்காக நீ முதலாளிகிட்ட எவ்வளவு கெஞ்சினேன்னு அண்ணி சொல்லியிருக்காங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த வயசு வரம்பை… நிஜமாவே மாத்தினியா?

தம்பி: மாத்தினேன்க்கா. நீ கேட்ட அன்னிக்கே மாத்திட்டேன்.