காதுக்குள் ஒரு பிஸ்டன்

பெரியநாயக்கன்பாளையம் போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். ஆர்.எஸ்.புரத்தில் காது டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறியிருந்தார்கள். கணவருக்குச் சொந்தமாகப் பம்பு செட்டுப் பட்டறை. அவருக்குக் கேட்பதற்காக அந்த அம்மாள் பேசியது பஸ் முழுவதும் கேட்டது.

“காதுக்குள்ள மூணு எலும்பு இருக்குதாமுங்க. கடைசி எலும்பு இறுகிப்போச்சாம். அத எடுத்துப்போட்டு பிஸ்டன் வெக்கோணுமாம்.”

“கிரீஸ் வெச்சாப் பத்தாதா?”

“நானும் கேட்டனுங்க. டாக்டரு சிரிச்சுப்போட்டாரு.”

“பிஸ்டனை எதுக்கு அம்மணி வெளியில வாங்கறது? நானே கடைஞ்சு தாரேன்.”

“அரிசியில பாதிதானுங்க இருக்கும்.”

அவர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“இப்படியே உட்டா அந்தக் காது இன்னும் மோசமாயிருமாமுங்க. சரின்னு சொல்லுங்க.”

கவுண்டம்பாளையம் தாண்டியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

“சரி, வெக்கச் சொல்லு. ஆனா கழட்டுன பழைய பார்ட்டை நம்ம கையில குடுத்தரோணும். இல்லாட்டி மாத்துனாங்கன்னு எப்படி நம்பறது?”

“காது கேட்டா நம்புங்க” என்றார் அந்த அம்மாள்.