மோரீன் கழற்றிய மட்கார்டு

பனியிலும் மழையிலும் எங்களைப் பத்திரமாக வீடு சேர்த்த மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே, ஆப்பிள் கேக் மணக்க மணக்க அடுக்களையில் நிற்கும் தாய்மார்களே, சேற்றுக் காலோடு கம்பளத்தில் ஏறிவிட்ட தம்பிமார்களே, ஆஷ்கம்ப் சைக்கிள் மன்றத்து அன்பு நெஞ்சங்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டுக் கோப்பை யாருக்கு? மேடு ஏறி முந்தியவருக்கா? மூச்சு முட்ட மிதித்தவருக்கா? இல்லை. ஒரு மட்கார்டைக் கழற்றியவருக்கு! சிரியுங்கள், சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

பனிக்கால உலாவில் மட்கார்டு இல்லாதவர் கடைசியில்தான் வரவேண்டும். இல்லாவிட்டால் அவர் சக்கரம் வாரும் சேறு பின்னால் வருபவர் வாயில். இந்தச் சட்டத்தை மோரீன் பில்பீமைப் போலக் கட்டிக் காத்தவர் உண்டா? பாதிரியாரையே கடைசிக்குத் துரத்தியவர் அல்லவா! யார் அங்கே கைதட்டுவது? பாதிரியாரேதானா? சரி, சரி.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. முன்னால் போகிறவர் பள்ளம் கண்டால் குரல் கொடுப்பார். அதை அடுத்தவர் வாங்கி அதற்கடுத்தவருக்குக் கொடுப்பார். கடைசி ஆள் மட்டும் கொடுக்க வேண்டாம். அவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

போன ஜனவரி உலாவுக்கு டெஸ்மண்ட் தாக்ரே வந்தார். அவரும் மனைவி ஈனிடும் காலமெல்லாம் சேர்ந்து மிதித்த அதே இரட்டைச் சைக்கிள். ஈனிட் அதற்கு முந்தின இலையுதிர் காலத்தில் கண்மூடிவிட்டாள். பின் இருக்கை காலி. "இன்னைக்கு ஒரு நாள்தான். அப்புறம் இதை வித்துடப் போறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அவருக்கு முன்னால் நான். வேலியெல்லாம் உறைபனி, குட்டையெல்லாம் கண்ணாடி. பள்ளம் வந்தது, குரல் கொடுத்தேன். பழக்க தோஷம், அவரும் தலையைப் பின்னால் திருப்பிக் குரல் கொடுத்தார்.

"பள்ளம், ஈனிட்."

அவ்வளவுதான். வரிசை முழுக்கக் கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறுதல் சொல்ல நமக்குத் தெரியுமா? தேநீர்க் கடையில் எல்லோரும் வானிலையைப் பேசினோம், வாய் வலிக்கப் பேசினோம்! டெஸ்மண்ட் தன் தேநீரைத் தொடவில்லை. குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகிறேன் என்றார்.

மோரீன் எழுந்து வெளியே போனாள். ஜன்னல் வழியே பார்க்கிறேன், ஈரத்தில் மண்டியிட்டு, ஸ்பேனரும் கையுமாகத் தன் மட்கார்டையே கழற்றுகிறாள்! கிரீஸ் படிந்த கையோடு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"டெஸ்மண்ட், என் மட்கார்டு போச்சு. சட்டப்படி இனி நான்தான் கடைசி. உனக்குப் பின்னாலதான் வரணும். நீ குரல் குடுக்கலைன்னா நான் பள்ளத்துல கிடப்பேன்."

"எப்படிப் போச்சு?"

"குளிருக்கு விழுந்துடுச்சு."

"அது உன் பையிலேருந்து எட்டிப் பாக்குது மோரீன்."

"டீயைக் குடி. ஆறுது."

குடித்தார், என் அன்பர்களே, குடித்தார்! மறுபடி பாதை, மறுபடி பள்ளம். நான் சொன்னேன். தலையைப் பின்னால் திருப்பி அவரும் சொன்னார். அவருக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது: "சரி, டெஸ்மண்ட்." ஒவ்வொரு பள்ளத்துக்கும் வந்தது. ஊர் எல்லை வரைக்கும் வந்தது. இறங்கும்போது மோரீனின் முதுகில், பிடரியிலிருந்து இடுப்பு வரை, அவள் சக்கரமே வாரி அடித்த சேறு. எத்தனை தோள்களில் பொன்னாடை பார்த்திருக்கிறோம்! அந்தச் சேற்றுக்கு ஈடாகுமா ஒன்றேனும்?

"அடுத்த ஞாயிறும் இப்படித்தான் வருவியா?" என்று கேட்டார் டெஸ்மண்ட். மட்கார்டைத் திரும்ப மாட்ட நாளாகும் என்றாள் மோரீன். இன்று வரை மாட்டவில்லை. இரட்டைச் சைக்கிளும் விற்கப்படவில்லை. வாசலில்தான் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

கோப்பையை மோரீனுக்கு வழங்க டெஸ்மண்டை அழைக்கிறேன். மேடைப் படியில் ஒரு பலகை தூக்கிக்கொண்டிருக்கிறது, டெஸ்மண்ட். பார்த்து ஏறுங்கள். பின்னால் வருகிறவளுக்கும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

கேட்டிருந்த உங்கள் காதுகளுக்கு நன்றி. கடைசி நாற்காலி வரைக்கும் என் வணக்கம்.