ஃப்ரிட்ஜ்ல வைக்க வேண்டிய ஊசி

ஃப்ரிட்ஜ்ல வைக்கணுமாம்! கேட்டியா தம்பி இந்தக் கூத்தை? அஞ்சு இன்சுலின் பேனாவையும் பத்திரமா ஃப்ரிட்ஜ்ல வைங்கன்னு அந்த டாக்டரம்மா போன்ல எழுதி அனுப்பியிருக்கு பாரு. மருந்துக் கடையில எடுத்துக் குடுக்கிறவன் நீ, நீயாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? எனக்கு ஏதுப்பா ஃப்ரிட்ஜு? நான் படுக்கிறது பஸ் ஸ்டாண்டு, மூணாம் பிளாட்பாரம். அங்க ஜில்லுனு வர்றது விடியக்காலைக் காத்து ஒண்ணுதான். பேனாவை அதுலயா தொங்கவிடுறது?

நேரா ஆஸ்பத்திரிக்குப் போனா, போன்ல பதிவு பண்ணிட்டு வாங்கங்கறாங்க. போன்ல போனா வீட்டு நம்பர் கேக்குது. போடலேன்னா அடுத்த பக்கம் வரமாட்டேன்னு ஒரே அடம்! மூணுன்னு போட்டேன். பிளாட்பாரம் நம்பர்தானே, பொய்யா? அப்புறம் ஓடிபின்னு ஒண்ணு... அது வந்து சேர்றதுக்குள்ள சார்ஜு காலி. சார்ஜ் போட டிக்கெட் கவுண்டருக்குப் போனா, அந்த மனுஷன் "இது அரசாங்கக் கரண்டு"ங்கறான். "நான் மட்டும் யாரு, பக்கத்து நாட்டுக்காரியா?"ன்னேன். பிளக்கை விட்டுக் குடுத்துட்டான். அப்புறம்தான் பதிவாகி, டாக்டரம்மா போன்லயே வீடியோல பாத்துச்சு.

சிரி, சிரி. இந்தக் கால் புண்ணு ஒன்றரை மாசமா ஆறல. சர்க்கரையை இறக்கலேன்னா விரலை எடுக்கிற மாதிரி ஆயிடும்னு டாக்டரம்மா சொன்னப்போ பக்குனு ஆயிடுச்சு எனக்கு. ஆனா பாரு, நல்ல பொண்ணு. வீடியோல வந்ததும் "வணக்கம்மா, சாப்டீங்களா?"ன்னுதான் ஆரம்பிக்குது. யாரு கேக்கறா இப்பல்லாம்! அவ்வளவு நல்லாப் பேசத் தெரிஞ்ச பொண்ணு, ஃப்ரிட்ஜ் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

...என்னது? கேட்டிருக்கா? எங்க எழுதியிருக்கு? கண்ணாடியைப் போட்டுப் படி. "இருப்பதாக நோயாளி சொன்னார்"... அட, இதையெல்லாமா எழுதி வைப்பாங்க!

சரி... கிட்ட வா, சொல்றேன். வீடியோன்னா முகம் மட்டுமா தெரியும், பின்னாடி இருக்கிறதும் தெரியுமே. பஸ் ஸ்டாண்டுல எங்க நின்னாலும் பின்னாடி கழிப்பறைச் சுவரு. அதான், எதிர்த்தாப்ல சோபா கடைக்குப் போனேன். சோபா, விளக்கு, பெரிய ஃப்ரிட்ஜு, எல்லாம் ஒரு வீடு மாதிரியே போட்டு வச்சிருக்கான். வாட்ச்மேன் நமக்கு வேண்டியவரு, அஞ்சு நிமிஷம்னு விட்டாரு. கால் மேல கால் போட்டு உட்கார்ந்தேன்... "இடம் அழகா இருக்கும்மா"ன்னுச்சு. "மருமக ரொம்ப சுத்தம்"னுட்டேன். எனக்கு மகனே கிடையாது தம்பி! வாயில வந்துடுச்சு. அடுத்தது, ஃப்ரிட்ஜ் இருக்கான்னு கேட்டுச்சு. முதுகுக்குப் பின்னாடி ஆளுயரத்துக்கு நிக்குது, இல்லேன்னா சொல்ல முடியும்?

இல்லப்பா, ஏமாத்தணும்னு இல்ல. வீடில்லாதவன்னு தெரிஞ்சா எல்லாரும் ஒரு மாதிரி பேசுறாங்க. சத்தமா, நிறுத்தி நிறுத்தி, காது கேக்காதவகிட்ட பேசுற மாதிரி. அந்தப் பொண்ணு அப்படிப் பேசல. அதைக் கெடுத்துக்க மனசு வரல...

ஏய், அதுல இருக்கிற டாக்டரம்மா நம்பருக்கா போடுற போனு? வேண்டாம் தம்பி, வேண்டாம்... மூஞ்சியை நான் எங்க கொண்டு போய் வச்சுக்குவேன்! ஐயோ, எடுத்துட்டாங்களா?

வணக்கம் டாக்டரம்மா. சாப்டேன், சாப்டேன். அது வந்தும்மா... அன்னிக்குப் பாத்தீங்களே, அது வீடில்ல, கடை... தெரியுமா?! விற்பனைக்குன்னு அட்டை தொங்குச்சா! அடப் பாவமே... என்னது, நான்தான் கடை முதலாளியம்மான்னு நினைச்சீங்களா! எனக்குச் சிரிப்பை அடக்க முடியல போங்க. இல்லம்மா. மருமகளும் இல்ல. நான் பஸ் ஸ்டாண்டுல படுக்கிறவ.

...ம். ...ம். பிரிச்ச பேனா ஒரு மாசம் வெளிய தாங்குமா? வெயில் படாம பையில... சரி. மிச்சம் நாலும் இந்தத் தம்பி கடை ஃப்ரிட்ஜ்ல. கேட்டியா தம்பி? தலையாட்டுறான்மா. செவ்வாக்கிழமை புண்ணைக் காட்ட நேர்ல... பதிவு நீங்களே போட்டுடுறீங்களா? வர்றேன்மா, கண்டிப்பா வர்றேன்.

தம்பி... தெரிஞ்சும் அதே மாதிரிதான் பேசுது!

என்ன, போனைக் கேக்கறியா? இருப்பா! அங்க ஆளு வந்து நிக்குது, போய் வியாபாரத்தைப் பாரு. நாங்க இன்னும் பேசி முடிக்கல. சொல்லுங்க டாக்டரம்மா, நீங்க சாப்டீங்களா?