துஷி சரி சொன்ன வெடி

ஓடுகிறேன். துஷியின் கை என் கையில். பின்னால் சத்தம். அடிவயிற்றில் இடிக்கிற சத்தம். உடனே தகரத்தில் கல் பொழிகிறது. "படு! படு!" கத்துவது நான்தான். முன்னால் நீளமாக ஒரு குழி. அவளைத் தள்ளினேன். மேலே விழுந்து மூடிக்கொண்டேன்.

காத்திருக்கிறேன். ஒன்று வந்தால் அடுத்தது வரும். வரவில்லை. யாரோ சிரிக்கிறார்கள். யாரோ டீ ஆற்றுகிறார்கள்.

அது வன்னி இல்லை. காங்கேயம். பக்கத்துத் தோப்பில் கிணறு வெட்டினார்கள். அடியில் பாறை, அதனால் வெடி. நாங்கள் விழுந்து கிடந்தது குண்டுக்குப் பதுங்குகிற பங்கரும் இல்லை. கன்னியாஸ்திரிகள் எங்களுக்காகக் கட்டத் தொடங்கிய இல்லத்தின் அஸ்திவாரக் குழி. எனக்குப் பன்னிரண்டு வயது, புரிந்துவிட்டது. என் தங்கை துஷிக்கு ஆறு. குழியை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள்.

சத்தங்களை எழுதி வைக்கிறேன். மறந்துவிடாதீர்கள். தூரத்திலிருந்து செல் குத்தும்போது, அதாவது பீரங்கிக் குண்டு ஏவும்போது, 'டும்'. பிறகு தலைக்கு மேல் கூவிக்கொண்டு போகும். கூவினால் அது நமக்கில்லை. கிபிர் விமானம் வந்தால் சேலை கிழிகிற சத்தம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அம்மா தன் கூறைச்சேலையைக் கிழித்துத்தான் பங்கருக்கு மண்மூட்டை தைத்தாள். எங்களை உள்ளே தள்ளினாள். "தங்கச்சியின்ர கையை விட்டிடாதை!" என்று கத்தினாள். தண்ணீர் எடுக்கப் போனாள். டும். கூவவில்லை.

பிறகு படகு. ராமேசுவரம். முகாம். யாருமில்லாத பெண்பிள்ளைகளை அங்கிருந்து கூட்டிவந்தவர் சிஸ்டர் ரெஜினா. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். குள்ளம், குரல் மட்டும் பெரிசு. தேங்காய்க் களத்துத் தகரக் கொட்டகையில் எங்களைத் தங்கவைத்தார். மழைக்கு முன் புது வீட்டுக்குக் கூரை ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பிரித்து வேறு வேறு விடுதிகளுக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு. சின்னவர்கள் ஓரிடம், பெரியவர்கள் ஓரிடம். துஷி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அம்மாவுக்கு என்ன பதில் சொல்வேன்?

துஷியோ சிமெண்டுச் சாக்கில் மண் நிரப்பிக் குழியோரம் அடுக்குகிறாள். இழுத்தேன். கடித்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்கள். மேஸ்திரி தலையில் கைவைத்தார்.

"ஏனுங்க சிஸ்டர், குழிக்குள்ள புள்ளைக கெடக்குது. ஜல்லிய எங்கீங்க கொட்டறது?"

அப்போது தோப்பிலிருந்து குரல். "வேட்டுங்கோ! வேட்டு! ஒதுங்கிக்கங்கோ!" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெடிக்கு மரியாதை வேறா? "எங்கட ஊரில ஆர் எங்களிட்டச் சொல்லிப்போட்டுக் குண்டு போட்டவை?" என்று சிஸ்டர் முகத்துக்கு நேராகக் கத்தினேன்.

அவர் என்னையே பார்த்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். வேலியைத் தாண்டிப் போய், கிணற்று மேட்டில் கல்குவியல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"சிஸ்டர், எந்திரிங்க! திரி பத்த வெக்கோணுங்க!" கத்தியது வெடிக்காரர் மாரப்பன்.

"அங்க குழிக்குள்ள ஒரு சின்ன அம்மணி இருக்குது. அதுகிட்டக் கேட்டுப்போட்டு வந்து வெய்யுங்க. அது சரின்னாத்தான் எந்திரிப்பேன்."

தோப்புக்காரர் ஓடிவந்தார். "ஏனுங்க, கெணறு என்னுதுங்க!"

"புள்ளை என்னுதுங்க."

மாரப்பன் வந்தார். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு குழியோரம் குந்தினார். "ஏனுங்க அம்மணி, வேட்டு வெக்கட்டுங்களா?"

துஷி வாயைப் பிளந்து பார்த்தாள். அவளை யாரும் எதையும் கேட்டதில்லை. "வேண்டாம்" என்றாள்.

"சரிங்க." போய்விட்டார். வெடி வெடிக்கவில்லை.

மறுநாளும் கேட்டார். வேண்டாம். சரிங்க. தோப்புக்காரர் ஏசுவது வேலி தாண்டிக் கேட்டது. சிஸ்டர் ஜெபமாலையோடு மறுபடியும் கல்மேல். மேகம் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குழிக்கும் களத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

அதற்கடுத்த நாள் துஷி திருப்பிக் கேட்டாள். "ஆர் சாவினம்?"

மாரப்பனின் முகம் மாறிவிட்டது. "ஒருத்தரும் இல்லீங்க கண்ணு. தண்ணிக்குத்தானுங்க. மேல வந்து பாத்துப்போட்டுச் சொல்லுங்க."

அவள் கையை நீட்டினாள். தூக்கிவிட்டேன். மண்மேட்டில் நிற்கிறோம். எல்லாரையும் பார்க்கிறாள். மேஸ்திரி. சித்தாள்கள். களத்து நாய். "சிஸ்டரை இங்காலை வரச் சொல்லுங்கோ" என்றாள். சிஸ்டர் எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்றார். துஷி ஒரு கையை உயர்த்தினாள். கிணற்று மேட்டிலிருந்து மாரப்பனின் குரல்.

"வேட்டுங்கோ! வேட்டு!"

இடித்தது. கல் தகரத்தில் விழுந்தது. நான் குனிந்துவிட்டேன். அவள் நின்றாள். படுக்கவில்லை. தூசி அடங்குமுன் என் கையை உதறிக்கொண்டு ஓடினாள். அம்மா விடாதே என்ற கை. பின்னாலேயே ஓடினேன். அவள் ஒவ்வொருவராகத் தொட்டாள். சிஸ்டர், மேஸ்திரி, சித்தாள்கள், மாரப்பன், நாய். திரும்பி வந்தாள்.

"அக்கா, ஒருத்தரும் சாகேல்லை. தேத்தண்ணிக் கிளாஸ்தான் உடைஞ்சது."

சிஸ்டர் ரெஜினா அழுததை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் குழியில் ஜல்லி கொட்டினார்கள். மழைக்கு முன் கூரை ஏறியது. அந்த வீட்டில் நானும் துஷியும் ஒரே அறையில் வளர்ந்தோம்.

இப்போது காந்திபுரத்தில் துணிக்கடை வேலை எனக்கு. யாராவது துணி கிழித்தால் மேலே பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன்.

வன்னியில் போனவற்றின் கணக்கு இது. அம்மா. அப்பா, அவர் உடம்பு கிடைக்கவில்லை. அண்ணன், பதினேழு வயது. பக்கத்துப் பங்கரில் மூன்று பிள்ளைகள். ஒரு வீடு. கன்றோடு ஒரு பசு. ஒரு கூறைச்சேலை.

காங்கேயத்தில், ஒரு கிளாஸ்.