தேர் முன்னால் கழற்றாத தொப்பி

பெயர் செல்வராணி, கணவர் பெயர் செல்லப்பன். வயது 46. பண்டார் தெங்காராவில் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கினேன், இப்போது வேலைக்குப் போவதில்லை. கோயில் தலைவர் சதாசிவத்தைத் தள்ளினேனா என்று போலீஸ் சார்ஜன் கேட்டதற்கு, தள்ளினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூன்று முறை தலையில் அடிபட்டிருக்கிறது. முதலில் காய்ந்த செம்பனை மட்டை விழுந்தது. அதன்பின் அடுத்த வருடம் டிராக்டர் பெட்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். அதன்பின் ஆறு மாதத்தில் குளியலறை நிலைப்படியில் இடித்துக்கொண்டேன். லேசான இடிதான். ஆனால் பத்து நாள் என் மகள் ஷாமளாவின் பெயர் வாயில் வரவில்லை. "ஏ பிள்ள" என்றே கூப்பிட்டுச் சமாளித்தேன். அவளுக்குத் தெரிந்திருக்கும், கேட்கவில்லை. மூன்று முறை மூளை அதிர்ந்துவிட்டது, இன்னொரு முறை பட்டால் என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அதன்பின் இரண்டு வருடம் கல்யாணம், கருமாதி எதற்கும் போகாமல் வீட்டிலேயே கிடந்தேன். பந்து விளையாடும் சத்தம் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவேன். இந்த வருடம் போதும் என்றாகிவிட்டது. வேலையில் கொடுத்த மஞ்சள் பாதுகாப்புத் தொப்பியைப் போட்டு, நாடாவை இறுக்கிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தேன். சிரித்தவர்கள் சிரிக்கட்டும்.

கடந்த சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குத் திருவிழாத் தேர் எங்கள் வீட்டு வரிசைக்கு வந்தது. பக்கத்து வீட்டார் வேண்டுதலுக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தார்கள். ஓடு சில்லுசில்லாகத் தெறித்தது. நான் தொப்பியோடு அர்ச்சனைத் தட்டை ஏந்தி நின்றேன். அப்போது சதாசிவம் வந்து, சாமி முன்னால் தலையை மூடக்கூடாது, கழற்று என்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அதற்கு அவர், "தேங்கா ஓடு பட்டு யாரும் செத்ததில்ல லா. பயமா இருந்தா வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்றார்.

"பயமாதான் இருக்கு, அண்ணே. அதுக்குத்தான் தொப்பி போட்டிருக்கேன்" என்றேன்.

அதன்பின் அவர் பின்னால் வந்து தொப்பியைப் பிடித்து இழுத்தார். நாடா கழுத்தில் மாட்டி, தலை பின்பக்கம் வெட்டி இழுத்தது. கண் இருட்டியது. ஷாமளா, ஷாமளா என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பெயர் வந்தது. அதன்பின் தட்டைக் கீழே போட்டு, திரும்பி, இரண்டு கையாலும் அவரைத் தள்ளினேன். அவர் தேங்காய் ஓட்டின்மேல் விழுந்தார். உள்ளங்கையில் நான்கு தையல் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் சதாசிவம் தான் கொடுத்த புகாரை மீட்டுக்கொள்வார் என்று சார்ஜன் சொன்னார். அவர் கை கிழிந்ததற்கு வருத்தப்படுகிறேன். தள்ளியதற்கு வருத்தப்படவில்லை. சாமியை நான் அவமதிக்கவில்லை, சாமிக்கு என் தலை எப்படி இருக்கிறது என்று தெரியும். அடுத்த வருடமும் இதே தொப்பியோடு அதே இடத்தில் நிற்பேன். என் தலைமேல் யார் கை வைத்தாலும் மறுபடியும் தள்ளுவேன்.

இந்தக் கடைசி வரி எனக்குப் பாதகமாகலாம், எடுத்துவிடவா என்று சார்ஜன் இரண்டு முறை கேட்டார். எடுக்க வேண்டாம் என்றேன். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் நான் சொன்னது, அத்தனையும் நடந்தது. யாரும் சொல்லித்தந்து சொல்லவில்லை.

(கையொப்பம்)
செல்வராணி