கினுயோவின் பச்சைக் கோப்பை

பத்து மணிக்குத் தேநீர் குடிக்காவிட்டால் எனக்கு அன்று வேலை ஓடாது. எங்கள் சிகராகியில் எல்லா மண்பாண்டப் பட்டறையிலும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர் ஐயா. சக்கரம் நிற்கும், அடுப்பில் கெண்டி ஏறும்.

முப்பது வயதில் தனியாக வந்து இங்கே பட்டறை போட்டேன். பாத்திரம் விற்றுப்போகவே எட்டு வருடம் ஆயிற்று. பெயர் வாங்க இன்னும் பன்னிரண்டு. பிறகு கியோத்தோவில் கண்காட்சி வைத்தார்கள், பத்திரிகையில் படம் வந்தது. அதைக் காட்ட எனக்கு ஓர் ஆள் இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

கினுயோ அதற்குப் பிறகு வந்தவள். என் கிண்ணங்களுக்கு மரப்பெட்டி செய்து தருவாள். முதலில் வாரம் ஒருமுறை வந்தாள், பின் தினமும் பத்து மணிக்கு. அவள் தேநீரில் உப்பில் ஊறிய உமேபோஷிப் பழம் ஒன்றைப் பிசைந்து போட வேண்டும். நாக்கைச் சுருட்டும் புளிப்பு அது.

பூச்சாடிக்கென்று ஈயம் கலந்து வைத்த பச்சைப் பூச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆசையாக அதில் அவளுக்கு ஒரு கோப்பை செய்தேன். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும், கரைந்த ஈயம் விஷம் என்பது களிமண் தொட்ட எவருக்கும் தெரியும். நான் அவள் முகம் மலர்வதைத்தான் நினைத்தேன். அது என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

"தமாயோக்கா, உன் கப்புல குடிச்சாத்தான் டீ. எங்க வீட்டுல அது வெறும் சுடுதண்ணி" என்பாள்.

ஓர் இலையுதிர் காலத்தில், வடகோடியில் ஹக்கோதாத்தேயில் இருக்கும் தன் மகளிடம் போய்விடப் போவதாகச் சொன்னாள். மூட்டையும் கட்டினாள். அடுத்த வாரமே அவளுக்குக் கடுமையான வயிற்றுவலி. காரணம் எனக்கு அன்றே புரிந்துவிட்டது. உடைக்கத்தான் கோப்பையைக் கையில் எடுத்தேன். ஆனால் அவள் வலியால் பயணத்தை நிறுத்தி, கட்டிய மூட்டையைப் பிரித்துவிட்டாள், ஐயா. கோப்பையைக் கழுவி வைத்தேன்.

மகள் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். ரத்தசோகை என்றார்கள். இரண்டு மாதத்தில் தேறி வந்து மறுபடியும் மூட்டை கட்டினாள். அப்போது இரண்டாவது கோப்பை செய்தேன். அதைச் சூளையில் வேண்டுமென்றே அரைவேக்காடாக எடுத்தேன். சரியாக வேகாத பூச்சு சீக்கிரம் கரையும்.

உளி பிடிக்க முடியாமல் அவள் கை தொங்கிப்போனபோது நானே கஞ்சி ஊட்டினேன். அவ்வளவு நெருக்கமாக என் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். பிப்ரவரியில் வலிப்பு வந்து இறந்துபோனாள். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, போகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

கினுயோ தன் மகளுக்கு எழுதியிருந்த கடிதத்தை நேற்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "தமாயோ அக்கா இங்க ஒத்தையா கிடக்கு. சூளை போட இடம் இருக்கற வீடாப் பாரு. வீடு உறுதியானதும் நானே அக்காகிட்ட சொல்லிக் கூட்டிட்டு வரேன்."

ராத்திரி முழுக்க அதை யோசித்துப் பார்த்தேன், ஐயா. தினமும் என் எதிரே உட்கார்ந்தவள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் அழுத்தக்காரி. அந்த அழுத்தம்தான் அவளைக் கொன்றது என்று எழுதிக்கொள்ளுங்கள்.