செலீனுக்குக் கொடுத்த மேசைகள்

சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று மேசைகளைப் போல உதவியான தளபாடம் வேறில்லை. ஆட்கள் வந்தால் மூன்றையும் இழுத்து விடலாம். போனபின் ஒன்றாக்கி மூலையில் தள்ளிவிடலாம். என் தங்கை செலீனுக்கு நான் கொடுத்தவை டென்மார்க்கில் செய்தவை. தேக்கு, அறுபது வருடப் பழசு. பெரிய மேசையின் அடியில் அந்த நாட்டின் பெயரைச் சூடு போட்டிருக்கும். இதை உங்களுக்கு மொழிபெயர்க்கும் பிள்ளை ஒன்றைச் சரியாகச் சொல்லட்டும்: நான் அவற்றை விற்கவில்லை. கொடுத்தேன்.

ஆட்கள் விட்டுப்போன வீடுகளை வெறுமையாக்குவது என் வேலை. ஜூலை முதலாம் திகதி வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து இந்த மொன்ட்ரியால் நகரமே வீடு மாறும். அந்தக் கிழமை எங்களுக்கு இருக்க நேரமில்லை. மூட்டைப்பூச்சி பிடித்த தளபாடத்தில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போலப் பெரிய புள்ளடி போட்டுத்தான் தெருவோரம் வைப்போம். இல்லாவிட்டால் யாராவது ஆசைப்பட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஒருமுறை ஒரு மாணவி கெஞ்சியும் நான் ஒரு கதிரையைக் கொடுக்கவில்லை. அவ்வளவு கவனமாக இருப்பேன்.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு வீட்டில் இந்த மேசைகள் இருந்தன. டோர்ச் அடித்துப் பார்த்தேன். சிறிய மேசைகள் வழுக்கிப் போகும் தவாளிப்புகளில் வெளிச்சமே படுவதில்லை. அங்கே மிளகு தூவியது போலப் பூச்சிகள் இருந்தன. மை கையில்தான் இருந்தது. நான் புள்ளடி போடவில்லை.

செலீன் அந்த வருடம்தான் கல்யாணம் செய்து லாசாலுக்குப் போயிருந்தாள். மன்னாரிலிருந்து அவளைக் கூப்பிட்டு எடுத்தது நான். வெகுகாலம் என்னோடு இருந்தாள். கோயிலில் கைபிடித்து அழைத்துப்போய்க் கொடுத்ததும் நான்தான். மாப்பிள்ளை தேவதாசன் நல்ல மனிதர். அவரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தனியே இருந்து சாப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

மூட்டைப்பூச்சி வந்த வீட்டுக்காரர் எங்கள் சனத்துக்குள் அதை வெளியே சொல்வதில்லை. ஆட்களைக் கூப்பிட மாட்டார்கள். நித்திரை கெடும். ஆளை ஆள் குற்றம் சொல்வார்கள். மாரி வருவதற்குள் அவள் பெட்டியோடு என்னிடம் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஒருவருக்கும் காயமில்லாத வழி. மேற்பலகைகளுக்கு எண்ணெய் பூசி மினுக்கினேன். தவாளிப்புகளைத் தொடவில்லை.

மேசைகளை இறக்கியபோது செலீன் சின்னப்பிள்ளை போலத் துள்ளினாள்.

"அண்ணை, கடைக் கண்ணாடிக்குள்ள நான் பாத்த அதே சாமான்!"

"சீதனம் பிந்தி வந்தாலும் திறமாத்தான் வந்திருக்கு, மச்சான்," என்றார் தேவதாசன்.

புரட்டாதியில் போனபோது இருவர் கையிலும் தடிப்புத் தடிப்பாக இருந்தது.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ," என்றாள். "கோயில்ல தெரிஞ்சா ஒரு சனமும் எங்கட படி ஏறாது."

"நல்லதுதானே. தேத்தண்ணி மிச்சம்," என்றார் அவர்.

அவள் தலையணையால் அவருக்கு அடித்துவிட்டு, மூச்சு வாங்கும் வரை சிரித்தாள். என் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"சரிவரும் மட்டும் வீட்ட வந்து இரு," என்றேன்.

"வேண்டாம் அண்ணை. உங்கட வீட்டுக்கும் காவிக்கொண்டு வந்திடுவம். இது எங்கட வீடு, நாங்கள் பாப்பம்."

எங்கட வீடு என்று அவள் சொன்னதை நான் பிழையாக எடுக்கவில்லை. அவர்களுக்கு உதவி தேவை என்று விளங்கியது. ஆளில்லாத வெறும் கட்டிடங்களுக்கு வைக்கும் பூச்சி மருந்து எங்கள் வேலையிடத்தில் இருக்கும். ஒரு டின் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவதாசன் சென்ட் லோரன்டில் இரவு வேலை, பகலில்தான் படுப்பார். மருந்து வைத்தால் அதன் நச்சுக்காற்றுப் போகும் வரை வீட்டை ஆளில்லாமல் மூன்று நாள் பூட்டி வைக்க வேண்டும். நான் அவரிடம் மூன்று மணித்தியாலம் வெளியே நின்றுவிட்டு வந்து படுக்கலாம் என்றேன். யன்னல்களைத் திறந்தால் மருந்து வீணாகிவிடும் என்றும் சொன்னேன்.

"நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது, மச்சான்," என்றார்.

அவர் மருந்து வைத்த காலையில், எனக்குக் காய்ச்சல் என்று செலீனைக் கூப்பிட்டேன். வந்து மல்லித்தண்ணி வைத்துத் தந்தாள். இரண்டு தரம் குடித்தேன். மத்தியானம் கடந்து அவருக்குப் போன் அடித்துப் பார்த்தாள், எடுக்கவில்லை. நித்திரையாக இருப்பார் என்றேன். அந்த நேரம் அது பொய்யாக இருந்திருக்காது. பின்னேரம் பார்த்துப் போகலாம் என்று அவளை இருத்தி மீன்குழம்பு வைக்கச் சொன்னேன்.

கொலையா என்று கேட்கிறீர்கள். அவர் எழும்ப மாட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கொடுத்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளுக்கு ஒரு கீறலும் விழாமல் பார்த்தேன். அதையும் எழுத வேண்டும்.

டின்னை நான் கொண்டுவந்தேன் என்று உங்களுக்குச் சொன்னதே செலீன்தான் என்கிறீர்கள். கண்டதைத்தானே சொல்லியிருக்கிறாள், அவளுக்குப் பொய் வராது. செத்தவீட்டில் என் முகத்தை அவள் ஒருக்காலும் பார்க்கவில்லை. களைப்பு. லாசால் வீட்டில் இனி அவளால் இருக்க முடியாது. வேறு இடம் தேடி அலைய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இன்று காலை நீங்கள் கதவைத் தட்டியபோது, நான் அவளுடைய கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.